தோலின் நிறமும் அங்கியின் நிறமும்

சிவப்பு டிராகன் என்று சொன்னால் போதும், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் புரிந்துவிடும். அது நெருப்பைக் கக்கும், அது கெட்டது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடிப் பழகியவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மாயக்கதை உலகில் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள் ஐம்பது ஆண்டுகளாக அறத்துக்கும் மறத்துக்கும் நிறம் பூசிவருகின்றன. அப்படிப் பூசியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் அவை இரண்டு வகையாகப் பிரிவது தெரியும். ஒன்றில் நிறம் பிறவியிலேயே தோலோடு வருகிறது. மற்றதில் பாத்திரம் அதைத் தேர்ந்துகொள்கிறது, அல்லது தன் நடத்தையால் அடைகிறது. முதல் வகை ஆட்டத்துக்கு வசதி செய்தது. இரண்டாம் வகைதான் ஆட்டத்தை வளர்த்தது என்பது என் முடிவு.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பெட்டியில் அறநிலைகள் மூன்றே: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் நாவல்களில் ஒழுங்குக்கும் குழப்பத்துக்கும் நடக்கும் போர் அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தது. 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் நன்மை, தீமை என்ற இன்னொரு அச்சும் சேர்ந்து ஒன்பது கட்டங்களாயின. இந்த ஒன்பது கட்டங்களுக்கு அதிகாரபூர்வமான நிறம் எதையும் அந்தக் கையேடு ஒதுக்கவில்லை. நிறம் வேறு வாசல் வழியாக நுழைந்தது.

அந்த வாசல் டிராகன்கள். முதல் பெட்டியிலேயே வெள்ளை, கறுப்பு, பச்சை, நீலம், சிவப்பு, தங்கம் என்று ஆறு டிராகன்கள் இருந்தன; தங்க டிராகன் ஒழுங்கின் பக்கம். அடுத்த ஆண்டு பித்தளை, செம்பு, வெண்கலம், வெள்ளி டிராகன்கள் வந்தன. 1977-இல் வந்த அரக்கர் கையேட்டில் வரிசை முழுமையானது: சாயநிற டிராகன்கள் ஐந்தும் தீயவை, உலோக டிராகன்கள் ஐந்தும் நல்லவை. தீயவற்றின் அரசி ஐந்து தலை கொண்ட டியாமட், நல்லவற்றின் அரசன் பிளாட்டினப் பஹாமுட். இங்கே கவனிக்க வேண்டியது வெள்ளை டிராகன். அது தீய பக்கத்தில் இருக்கிறது. வெள்ளை நல்லது, கறுப்பு கெட்டது என்ற பழைய கணக்கை இந்த வரிசை பின்பற்றவில்லை. மின்னுவது நல்லது, மின்னாதது கெட்டது என்பதே அதன் விதி.

விளையாட்டுக்கு இதனால் கிடைத்த லாபம் பெரியது. வெள்ளை உறைபனியை ஊதும், கறுப்பு அமிலத்தைப் பீய்ச்சும், பச்சை நச்சுக்காற்றை விடும், நீலம் மின்னலை வீசும். பதுங்கவா, ஓடவா, எந்த மந்திரத்தை எடுப்பது என்பதை நிறத்தைக் கேட்ட மாத்திரத்தில் முடிவு செய்யலாம். ஆனால் குகை வாசலில் ஒரு டிராகனிடம் பேசிப் பார்க்கலாமா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது. கீத் பேக்கர் உருவாக்கி 2004-இல் வெளிவந்த எபெரான் உலகம் இந்தப் பூட்டை உடைத்தது. அங்கே எந்த நிற டிராகனும் எந்த அறநிலையிலும் இருக்கலாம். தங்க டிராகனே சதிகாரனாக இருக்கக்கூடும் என்று தெரிந்ததும் ஆட்டக்காரர்கள் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள்.

டிராகன் கற்பனை விலங்கு. அதன் செதிலுக்கு என்ன நிறம் கொடுத்தாலும் யாருக்கும் வலிக்காது. மனித உருவத்துக்கு அதே விதியைப் போட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1978-இல் வெளிவந்த சாகசத் தொகுப்புகளில் டிரோ என்ற இனம் அறிமுகமானது. பாதாளத்தில் வாழும் எல்ஃப்கள். கரிய தோல், வெண்ணிறத் தலைமுடி, சிலந்தித் தெய்வம் லோல்த்தின் வழிபாடு, இனம் முழுவதும் தீமை. சூரியனையே காணாத குகைகளில் பல தலைமுறை வாழும் உயிர்கள் நிறமிழந்து வெளிறிப்போகும். குகை மீன்கள் அப்படித்தான் இருக்கின்றன. டிரோக்களின் கறுப்புக்கு இயற்கையில் காரணம் கிடையாது. இருள் என்றால் தீமை என்ற பழைய உருவகத்தைத் தோலாக்கிப் போர்த்தியதுதான் நடந்தது. பிறப்பு ஒருவரின் குணத்தைத் தீர்மானிக்கும் என்ற வாதத்தோடு தலைமுறைகளாக மல்லுக்கட்டி வரும் தமிழ் வாசகருக்கு இதில் உள்ள ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆர்.ஏ. சால்வடோரின் 'தி கிரிஸ்டல் ஷார்ட்' நாவல் 1988-இல் டிரிஸ்ட் என்ற நல்ல டிரோவைக் கொண்டுவந்தது. வாசகர்கள் அவனைக் கொண்டாடினார்கள். இருந்தும் அவன் விதிவிலக்காகவே எழுதப்பட்டான். தன் இனத்தைவிட்டு ஓடிவந்ததால்தான் அவன் நல்லவன். விதிவிலக்கு ஒன்றைக் காட்டிவிட்டால் விதி இன்னும் உறுதியாகிவிடுகிறது. விதியையே மாற்றப்போவதாக வெளியீட்டாளர்களான விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அறிவித்தது 2020 ஜூனில்தான். ஓர்க்குகளும் டிரோக்களும் மற்ற இனங்களைப் போலவே பலதரப்பட்ட குணமும் பண்பாடும் கொண்டவர்களாகக் காட்டப்படுவார்கள் என்றார்கள். டிரோ அறிமுகமாகி அதற்குள் 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தோலிலிருந்து துணிக்கு வருவோம். மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் இருவரின் 'டிராகன்லான்ஸ்' நாவல் வரிசை 1984-இல் தொடங்கியது. அதன் மந்திரவாதிகள் மூன்று நிற அங்கி அணிகிறார்கள்: நன்மைக்கு வெள்ளை, நடுநிலைக்குச் சிவப்பு, தீமைக்குக் கறுப்பு. வானத்தில் ஒவ்வோர் அங்கிக்கும் ஒரு நிலா உண்டு. கறுப்பு நிலாவைத் தீய பாதையில் போனவர்கள் மட்டுமே பார்க்க முடியும். நிலா வளர்ந்தால் அந்த அணியின் சக்தி கூடும், தேய்ந்தால் குறையும். மூன்று அணியினரும் ஒரே மன்றத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள், ஏனென்றால் மூவருக்கும் மந்திரமே முதல் விசுவாசம். அவர்களில் ஒருவனான ரெய்ஸ்ட்லின் சிவப்பில் தொடங்கிக் கறுப்புக்கு மாறும் இடத்தில் வாசகர் பதறுவது, அவன் தானாகத் தேர்ந்தெடுத்து அணிந்துகொள்கிறான் என்பதால்தான். அது பிறவி நிறமாக இருந்திருந்தால் அந்தக் கதையே இல்லை.

ஜப்பானின் 'ஃபைனல் ஃபேண்டஸி' (1987) நிறத்திலிருந்து அறத்தையே கழற்றிவிட்டது. வெள்ளை மந்திரவாதி குணப்படுத்துவார், கறுப்பு மந்திரவாதி தாக்குவார், சிவப்பு மந்திரவாதி இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வார். ஒரே அணியில் ஒன்றாக நடப்பவர்கள் இவர்கள். நிறம் இங்கே தொழிலின் பெயர்.

இந்தத் துறையில் என் மனதுக்கு மிக நெருக்கமான படைப்பு ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா 4'. 1985-இல் வந்தது. கொல்லப்பட வேண்டிய இறுதி வில்லன் அதில் இல்லை. எட்டு அறங்களிலும் தேர்ந்து அவதாரமாக ஆவதே இலக்கு. அவற்றின் அடிப்படைகள் மூன்று: உண்மைக்கு நீலம், அன்புக்கு மஞ்சள், துணிவுக்குச் சிவப்பு. உண்மையும் அன்பும் சேர்ந்தால் நீதி, நிறம் பச்சை. அன்பும் துணிவும் சேர்ந்தால் தியாகம், செம்மஞ்சள். உண்மையும் துணிவும் சேர்ந்தால் மானம், ஊதா. மூன்றும் சேர்ந்தால் ஆன்மிகம், வெள்ளை. மூன்றையும் சாராமல் தனித்து நிற்பது பணிவு, அதற்குக் கறுப்பு. நீலமும் மஞ்சளும் பச்சையாவது சாயத்தின் கணக்கு, எல்லாம் சேர்ந்து வெள்ளையாவது ஒளியின் கணக்கு. இரண்டும் ஒரே வரைபடத்தில் கலந்து கிடக்கின்றன, அறிவியல்படி தவறு. ஆனால் கறுப்பைத் தீமையிடமிருந்து மீட்டுப் பணிவின் கையில் கொடுத்த வேறொரு விளையாட்டை நான் கண்டதில்லை.

நிறத்தை அடையும் வழியும் நுட்பமானது. மூலிகைக் கடையை நடத்துபவர் பார்வையற்றவர். எத்தனை காசு வைக்கிறோம் என்பதை ஆட்டக்காரரே எண்ணாகத் தட்ட வேண்டும். விலையைவிடக் குறைத்துத் தட்டினாலும் சரக்கு கிடைத்துவிடும், யாரும் பிடிக்க மாட்டார்கள். உள்ளே மட்டும் உண்மையைச் சார்ந்த நேர்மையின் கணக்கு சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். பல நாள் கழித்துக் கோயிலில் தியானத்துக்கு உட்காரும்போதுதான் தேர்ச்சி கிடைக்காதது தெரியவரும்.

அதே வரிசையில் 1997-இல் தொடங்கிய 'அல்டிமா ஆன்லைன்' நிறத்தைப் பெயர்மேல் போட்டது. அப்பாவிக்கு நீலம், குற்றம் செய்தவருக்குச் சாம்பல், கொலைகாரருக்குச் சிவப்பு. சிவப்புப் பெயர் நகருக்குள் நுழைந்தால் காவலர்கள் வெட்டிவிடுவார்கள். நடத்தையால் வரும் நிறம் என்பதால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அது நடத்தையின் வெளிப்புறத்தை மட்டுமே எண்ணியது. ஏமாற்றிப் பிறரைச் சாம்பலாக்கி, பிறகு சட்டப்படி கொன்று, தாம் நீலமாகவே உலவியவர்கள் பெருகினார்கள். எண்ணிப் போடும் நிறத்தை எண்ணியே ஏய்க்கலாம்.

சீட்டாட்டமான 'மேஜிக்: த கேதரிங்' இங்கே இடம்பெறக் காரணம் உண்டு. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 1993-இல் வகுத்த அதன் ஐந்து நிறச் சக்கரத்தை ஒன்பது கட்டங்களுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் டஞ்சன் மாஸ்டர்கள், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்கள், பலர். வெள்ளைக்கு ஒழுங்கும் சமூகமும், நீலத்துக்கு அறிவு, கறுப்புக்குத் தன்னலம், சிவப்புக்கு உணர்ச்சி, பச்சைக்கு இயற்கை. ஒவ்வொன்றுக்கும் அருகில் இரண்டு நண்பர்கள், எதிரில் இரண்டு பகைவர்கள். இவை அறத்தீர்ப்புகள் அல்ல, ஆசைகள். எந்த ஆசையும் முற்றினால் கொடுமையாகும். இந்தச் சீட்டாட்டத்தின் கற்பனை நகரமான ராவ்னிக்காவின் ஆர்சோவ் சங்கம் வெள்ளையும் கறுப்பும் கலந்தது. ஒரு கோயில், அதுவே கடன் கொடுத்து ஆளை விழுங்கும் கும்பலும்கூட. 2018-இல் இந்த நகரம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குள்ளேயே ஒரு கையேடாக வந்தது. இருந்தும் பழைய சுமை இந்த ஆட்டத்தையும் விடவில்லை. கறுப்பு உயிர்கள் அனைத்தையும் அழிக்கும் 'கிளென்ஸ்' உட்பட ஏழு சீட்டுகளை 2020-இல் வெளியீட்டாளர்கள் விலக்கினார்கள்.

அறத்துக்கு நிறம் பூசுவதைச் செழுமையாகச் செய்தவை பழைய மேடைகள்தாம். கதகளியில் பச்சை முகம் உத்தம நாயகனுக்கு. ராவணனுக்கு அதே பச்சையின்மேல் சிவப்புக் கீற்று. உயர்வும் ஆணவமும் ஒரே முகத்தில் தெரிகின்றன. பீக்கிங் இசைநாடகத்தில் சிவப்பு விசுவாசம், வெள்ளை வஞ்சகம், கறுப்பு நேர்மை. நிறத்துக்குப் பிறவிப் பொருள் கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நடைமுறைச் செய்தி ஒன்றும் உண்டு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. நிறத்தை மட்டும் நம்பி அறநிலையைக் காட்டும் திரை அவர்களுக்கு ஊமை.

புதிதாக ஒரு மாய உலகை உருவாக்குகிறவர்களுக்கு, தமிழில் அதைச் செய்ய நினைப்பவர்கள் உட்பட, என் வேண்டுகோள் இவ்வளவுதான். அறத்துக்கு நிறம் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். அதை அங்கியிலும் கொடியிலும் நிலாவிலும் வையுங்கள், எந்த இனத்தின் தோலிலும் வைக்காதீர்கள். ஒவ்வொரு நிறத்தோடும் ஒரு குறியையும் சேர்த்துவிடுங்கள்.