கன்னிப்பிறப்பும் மரியன்னை வழிபாடும் – ஓர் ஆராய்ச்சி

இயேசு கன்னியின் வயிற்றிற் பிறந்தார் என்பது கிறித்தவர் கொள்கை. அவர்தம் தாயாகிய மரியாளைப் போற்றி வேண்டுதல் கத்தோலிக்கர்க்கும் கீழைச் சபையார்க்கும் உரிய வழக்கு. இவ்விரண்டும் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையினின்று முளைத்தன என்று சொல்லி முடிப்பாரும் உளர். அக்கூற்று எத்துணை வலியுடையது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பிழை எனப்படுவது ஏசாயா 7-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனம் பற்றியது. ஆகாஸ் என்னும் யூத அரசனைப் பகையரசர் இருவர் நெருக்கியகாலை, ஒரு பெண் கருவுற்று மகப்பெறுவாள் என்றும், அம்மகவு நன்மை தீமை அறியுமுன் பகைவர் நாடு பாழாம் என்றும் தீர்க்கதரிசி கூறினார். அப்பெண்ணைச் சுட்டும் எபிரேயச்சொல் 'அல்மா'. இளம்பெண் என்பதே அதன் பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பில் அஃது 'பர்த்தெனோஸ்' ஆயிற்று. அச்சொல் பெரும்பாலும் கன்னியைக் குறிக்கும். மத்தேயு அதனையே மேற்கோளாகக் கொண்டார். 2-ஆம் நூற்றாண்டில் யுஸ்தின் இயற்றிய உரையாடலில், திரிப்போ என்னும் யூதர் இச்சொல்வேறுபாட்டைக் காட்டி மறுக்கின்றார். 1952-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப்பதிப்பு 'இளம்பெண்' என்றே பெயர்த்தமையால், அமெரிக்கப் போதகர் ஒருவர் அத்தாளைத் தீயிட்டார்.

மூலச்சொல்லின் பொருள்பற்றி யூதர் தடை வலியுடைத்தே. ஆயினும் அச்சொல்லினின்றே கொள்கை பிறந்தது என்றல் சாலாது. என்னை? 'பர்த்தெனோஸ்' என்பதும் கன்னிமையை ஒருதலையாக உணர்த்துவதன்று. ஆதியாகமம் 34-ஆம் அதிகாரக் கிரேக்கப் பெயர்ப்பில், கற்பழிக்கப்பட்ட தீனாளும் அச்சொல்லாற் குறிக்கப்படுகின்றாள். கிறித்தவத்திற்கு முற்பட்ட யூதர் இவ்வசனங்கொண்டு கன்னிவயிற்று மேசியாவை எதிர்நோக்கினர் என்பதற்கும் சான்றில்லை. மேலும், லூக்கா இவ்வசனத்தை மேற்கோள் காட்டாமலே கன்னிப்பிறப்பைக் கூறுகின்றார். மத்தேயு யோசேப்பின் கனவையும், லூக்கா மரியாள்பால் வந்த தூதனையும் கூறுவர். இருவர் தரும் வம்சவரிசையும் மாறுபடும். இங்ஙனம் வேறுபடும் இருவரும் கன்னிப்பிறப்பில் ஒன்றுபடுதலின், அந்நம்பிக்கை இருவர் நூலுக்கும் முற்பட்டதெனக் கொள்ளுதலே பொருத்தம். நம்பிக்கை முன்னது, அதற்குச் சான்றாக வசனம் தேடப்பட்டது பின்னது.

முற்பட்டது என்றதனால் மெய்யென நிறுவப்பட்டதாகாது. மாற்கு அதனைக் கூறவில்லை. பவுல் 'பெண்ணிடத்துப் பிறந்தவர்' என்னும் அளவே கலாத்தியர் நிருபத்திற் கூறினார். கத்தோலிக்கக் குருவாகிய ரேமண்ட் பிரௌன் 1973-இல் வெளியிட்ட நூலில், விவிலியச் சான்றுகளை ஆராயும் முறையால் மட்டும் இவ்வினா முடிவுபெறாது என்றே கொண்டார்.

இனி வழிபாடு. அது கன்னிப்பிறப்பினின்று தானே பெறப்படுவதன்று. 4-ஆம் நூற்றாண்டில் எல்விதியுஸ் என்பார் கன்னிப்பிறப்பை உடன்பட்டும், பின்னர் மரியாளுக்கு வேறு மக்கள் உண்டென்றார். 383-ஆம் ஆண்டளவில் எரோனிமுஸ் அவரை மறுத்தெழுதினார். மரியாளைக் 'கடவுளை ஈன்றாள்' எனல் தகுமோ என்று நெஸ்தோரியுஸும் சிரிலும் மாறுபட்டனர். 431-இல் எபேசு சங்கம் தகும் எனத் துணிந்தது. அவ்விருவருள் ஒருவரும் கன்னிப்பிறப்பை மறுத்தாரல்லர். வினா மகனுடைய இயல்புபற்றி எழுந்தது. தாயின் சிறப்பு அதன்வழி வளர்ந்தது. சீர்திருத்தச் சபையாருட் பெரும்பாலார் கன்னிப்பிறப்பை விசுவாசப் பிரமாணத்தில் ஓதுவர், மரியாளை வேண்டார். குர்ஆனும் கன்னிப்பிறப்பைக் கூறி, வழிபாட்டை விலக்கும். ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாயின் இவ்வேறுபாடு நிகழாது.

ஆகலின், ஒரு சொல்லை மறுத்த அளவில் ஒரு கொள்கையும், அக்கொள்கையை மறுத்த அளவில் ஒரு வழிபாடும் வீழ்ந்தன எனல் ஆராய்ச்சியாகாது. ஒவ்வொன்றும் தனக்குரிய காரணத்தானே நோக்கப்படல் வேண்டும். மேற்கோளின் பிழையைக் கொள்கையின் தோற்றமாகக் கொள்ளும் மயக்கம் எந்நூலாராய்ச்சியிலும் நேரக்கூடியது. பரமதம் ஆராய்வார் அதனை விழிப்புடன் விலக்குதல் கடன்.