துருவுக்கும் ஒரு காரணம் வேண்டும்

பெயின்ட் செய்த சிறிய வண்டி ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது கதவின் விளிம்பைத்தான். கை பட்டுப் பட்டுச் சாயம் தேய வேண்டிய இடம் அது. அங்கே உலோகம் லேசாக எட்டிப் பார்த்து, யாரும் தொடாத கூரையின் நடுவில் நிறம் அப்படியே இருந்தால், செய்தவருக்குக் கண் இருக்கிறது. வண்டி முழுக்க ஒரே சீராகப் பழுப்புப் பொட்டுகளைத் தூவியிருந்தால் அது வெறும் அழுக்கு. ஒவ்வொரு கீறலும் தான் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். இந்தக் கலையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மேசைமேல் ஆடும் அறிவியல் புனைவு விளையாட்டுகளுக்கான வண்டிகளைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1987-இல் 'வார்ஹேமர் 40,000' விளையாட்டைக் கொண்டுவந்தது. மறு வருடமே 'ரைனோ' என்ற பிளாஸ்டிக் கவச வண்டி வந்தது. கதை நடப்பது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால். ஆனால் அதன் 'லேண்ட் ரெய்டர்' வண்டியைப் பார்த்தால் முதல் உலகப் போரில் பிரிட்டன் களமிறக்கிய டாங்கிதான் நினைவுக்கு வரும். 1977-இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு விண்கலங்கள் செய்தவர்களும் கடையில் விற்ற டாங்கி, விமான மாடல் பெட்டிகளிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டியவர்கள்தான். கண்ணுக்குப் பழகிய இரும்பின் மேல் நின்றால்தான் காணாத உலகத்தை மனம் நம்புகிறது.

வெளிநாட்டுப் பெட்டிகளின் விலை நம்மைப் போன்றவர்களின் கையைக் கடிக்கும். அந்தக் கவலையைத் தீர்த்தது மைக் ஹட்சின்சன் உருவாக்கி, ஆஸ்ப்ரே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'காஸ்லேண்ட்ஸ்'. பாழாய்ப்போன எதிர்கால உலகில் துப்பாக்கி பொருத்திய கார்கள் ஒன்றையொன்று துரத்தும் ஆட்டம் அது. அதற்கு வேண்டியது ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் அளவுள்ள பொம்மைக் கார்கள் மட்டுமே. எங்கள் காரைக்காலில் குழந்தைகளுக்கு வாங்கும் அதே மூன்று அங்குல வண்டி போதும்.

வேலை டிங்கரிங் பட்டறையில் நடப்பது போலத்தான் நடக்கும். அடித்தகட்டின் ரிவெட்டைத் துளைத்தால் உடல் தனியே கழன்றுவிடும். பெயின்ட் ரிமூவரில் பழைய நிறம் உரிந்துவிடும். தீர்ந்துபோன பேனா ரீஃபில் துப்பாக்கிக் குழலாகும், கொசுவலைத் துண்டு ஜன்னல் வலையாகும். இடுக்குகளைப் பட்டி வைத்து அடைத்து, பிரைமர் அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலோரத்தில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாமல் இருப்பது உத்தமம். காற்றின் ஈரத்தில் பூச்சு வெளுத்துப் பனி படர்ந்தாற்போல் ஆகிவிடும். அந்த மாதங்களில் தூரிகையால் மெல்லிசாக இரண்டு பூச்சு கொடுப்பதே நல்லது.

அடுத்து வருவது உப்பு. முதலில் வண்டிக்குத் துரு நிறம் கொடுக்கிறோம்: அடர் பழுப்பு, அங்கங்கே செம்மஞ்சள். காய்ந்ததும், சாயம் உதிர வேண்டிய இடத்தில் மட்டும் தண்ணீர் தொட்டு, பொடித்த கல்லுப்பை ஒட்டுகிறோம். அதன்மேல் வண்டியின் நிறம். அதுவும் நன்றாகக் காய்ந்தபின் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, இருந்த இடமெல்லாம் துரு தெரியும். எந்தத் தூரிகையாலும் வரைய முடியாத ஒழுங்கற்ற ஓரங்கள் அப்போது கிடைக்கும். நம் வீட்டுக் கேட்டையும் ஜன்னல் கம்பியையும் அரிப்பது உப்புக்காற்று. மேசையிலும் அதே வேலையை வேதாரண்யத்து உப்பு செய்வது எனக்குத் தீராத மகிழ்ச்சி.

நண்பர் ஒருவர் செய்த தண்ணீர் லாரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. தொட்டியின் திறப்புக்குக் கீழே பச்சை படிந்த ஈரக்கோடு. ஏணிப்படிகளில் கால் வைக்கும் நடுப்பகுதி மட்டும் பளபளப்பு. ஓட்டுநர் பக்கத்துக் கதவு தேய்ந்திருக்கிறது, மறுபக்கத்துக் கதவு தேயவில்லை: அவர் தனியாகப் போகிறவர். மூடியின் மேல் கடுகளவு பூட்டு ஒன்று. வண்டி முழுக்கத் துரு ஏறியிருக்க, அந்தப் பூட்டில் மட்டும் துரு இல்லை. தண்ணீருக்காகக் கொலை விழும் உலகத்தில் அந்தப் பூட்டைத் தினமும் எத்தனை முறை திறந்து மூடியிருப்பார்கள் என்பதை ஒரு துளி வெள்ளி நிறம் சொல்லிவிடுகிறது.

நிறத்திலும் இதே நியாயம் உண்டு. வார்ஹேமரின் ஆர்க் இனத்தார் சிவப்பு வண்டி வேகமாக ஓடும் என்று நம்புகிறவர்கள். அவர்கள் வண்டியில் சிவப்பு எப்போதும் புதிதாகத்தான் இருக்க வேண்டும், சுற்றிலும் எவ்வளவு ஓட்டை உடைசல் இருந்தாலும்.

தூரிகை படக்கூடாத வண்டிகளும் உண்டு. 1980-களில் லியோ மேட்டல் பெயரில் இந்தியாவிலேயே ஹாட் வீல்ஸ் தயாரானது. அவற்றின் விசித்திர நிறச் சேர்க்கைகளுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடுகிறார்கள். அப்படி ஒன்று பரணிலிருந்து கிடைத்தால், அதன் தேய்மானம் ஒரு குழந்தையின் கை தந்தது. அதை அப்படியே வைத்திருப்பதும் ரசனைதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் காணொளிகளைப் பார்த்துத் துரு வைக்கிறார்கள். நான் அவர்களைக் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகச் சொல்வேன். விசைப்படகின் ஓரத்தில் தொங்கும் டயர் உரசிய இடம் வழவழப்பாக இருக்கும். போல்ட்டின் அடியிலிருந்து துரு கீழ்நோக்கி வடியும், தொடக்கத்தில் அடர்த்தியாகவும் போகப்போக மங்கலாகவும். பிறகு வாஞ்சூர் பக்கம் போய், அங்குள்ள சரக்குத் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிவரும் லாரிகளைப் பார்க்கட்டும். கரித்தூள் இடுக்குகளில் தங்கியிருக்கும், வைப்பர் ஓடிய இடம் மட்டும் சுத்தமாக இருக்கும். வேறெங்கோ குளிர்நாட்டில் இருப்பவர் படம் பார்த்துக் கற்பதை நாம் வாசலிலேயே கற்கலாம். இந்தக் கடலோரத்தில் வளர்ந்த கண்ணுக்கு நல்ல வண்டி செய்யத் தேவையான பாதி வித்தை ஏற்கெனவே வந்துவிட்டது. மீதிக்குத்தான் தூரிகை.