ஒலிநாடாவும் அச்சுப் பக்கமும்: கமாவ் பிராத்வெய்ட்டின் ஹார்வர்ட் சொற்பொழிவு

பார்படோஸ் கவிஞரும் வரலாற்றாசிரியருமான கமாவ் பிராத்வெய்ட் (1930–2020) 1979ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திற்குச் சென்று ஆற்றிய சொற்பொழிவு, 1984இல் ‘ஹிஸ்டரி ஆஃப் த வாய்ஸ்’ என்னும் சிறுநூலாக வெளிவந்தது. பின்காலனிய இலக்கியக் கல்வியில் ‘தேசமொழி’ என்னும் கருத்தாக்கத்தின் மூலநூலாக இது பயிலப்படுகிறது. ஆனால் கவிஞர்களின் குரல்களை ஒலிநாடாவில் கேட்கச் செய்து நிகழ்த்தப்பட்ட உரை இது என்பது வகுப்பறையில் ஒரு துணைச்செய்தியாகச் சுருங்கிவிடுகிறது. அக்குரல்கள் வாதத்திற்குரிய எடுத்துக்காட்டுகள் மட்டுமல்ல. வாதமே அவற்றின்மீதுதான் நிற்கிறது.

அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் மொழிகள் ஆங்கிலத்தின் அடியில் அமிழ்த்தப்பட்ட நிலையிலும் அதன் தாளத்தையும் தொனியையும் மாற்றின என்பது பிராத்வெய்ட்டின் நிலைப்பாடு. அவ்வாறு உருவான பேச்சைக் ‘கிளைமொழி’ என அழைக்க அவர் மறுத்தார். அச்சொல்லில் இழிவு படிந்திருந்தது. ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்னும் ஆங்கில யாப்பு ஒரு குறிப்பிட்ட அனுபவத்தைச் சுமப்பது, சூறாவளியின் அனுபவம் அதற்குள் அடங்காது என்றும் வாதிட்டார். பாக்களை ஓசையால் வேறுபடுத்தும் யாப்பு மரபில் பயின்றவர்க்கு இக்கூற்று வியப்பளிக்காது.

கிளாட் மெக்கேயின் சானெட்டை அவர் கையாளும் இடம் முதன்மையானது. வடிவமும் பொருளும் ஐரோப்பிய மாதிரியைச் சார்ந்தவை என்று ஒப்புக்கொள்ளும் பிராத்வெய்ட், கவிஞரின் குரல்தொனி ஒன்றே தனித்தன்மையுடன் எஞ்சுகிறது என்கிறார். அரங்கில் இருந்தோர் அத்தொனியைக் கேட்டனர். நூலைப் படிப்பவர் முன் இருப்பதோ அந்த ஐரோப்பிய வடிவம் மட்டுமே. சான்று காணாமற்போக, முடிவு மட்டும் அச்சில் நிற்கிறது. இவ்விழப்பு சிறியதன்று. ஜமைக்காவின் பேச்சுமொழியிலேயே எழுதிய லூயிஸ் பென்னட், 1962இல் வெளிவந்த ஜமைக்க விடுதலைத் தொகைநூலில் கவிஞர் வரிசையில் இடம்பெறாமல் ‘இதர’ பகுதியில் சேர்க்கப்பட்டார். செவிக்குரியதை அச்சின் அளவுகோலால் மட்டும் அளந்ததன் விளைவு அது.

எனினும் யாப்பு பற்றிய அவரது கூற்றை அப்படியே ஏற்பது கடினம். அதே 1979இல் வெளிவந்த டெரெக் வால்காட்டின் ‘த ஸ்டார்-ஆப்பிள் கிங்டம்’ தொகுப்பில், ஷபீன் என்னும் கடலோடியின் கிரியோல் கலந்த பேச்சு பென்டாமீட்டரைத் தளர்த்திக்கொண்டு அதற்குள்ளேயே இயங்குகிறது. யாப்பைத் துறக்காமலும் அதனை வசப்படுத்த இயலும் என்பதற்கு இது வலுவான மறுசான்று.

பிராத்வெய்ட்டின் சொந்தச் சான்றுகளிலும் ஒரு முரண் உண்டு. தம் தலைமுறைக்கு வழிதிறந்தவற்றுள் ஒன்றாக அவர் குறிப்பிடுவது டி. எஸ். எலியட்டின் குரலை, பார்படோஸில் பிரிட்டிஷ் கவுன்சிலின் உடைமையாக இருந்த ஒலிப்பதிவில் கேட்ட குரல் அது. மற்றொன்று, இங்கிலாந்தின் வட்டாரச் சாயலுடன் கிரிக்கெட் வருணனை வழங்கிய ஜான் ஆர்லட்டின் குரல். ஆக, காலனியாதிக்கத்தின் மொழிக்கெதிரான செவிப்பயிற்சியை ஓரளவு அளித்ததும் அவ்வாதிக்கத்தின் நிறுவனங்களே. இது வாதத்தை வீழ்த்தவில்லை. ஆனால் குரல் ஒருபுறமும் பேரரசு மறுபுறமுமான எளிய எதிர்நிலையை அனுமதிக்கவில்லை. இத்தனை கனமான செய்தியை அடிக்குறிப்பில் வைத்திருப்பது விந்தையே.

பின்னாளில் பிராத்வெய்ட் கணினி எழுத்துருக்களின் அளவையும் வடிவையும் பக்கந்தோறும் மாற்றி, ‘சைகோராக்ஸ் வீடியோ ஸ்டைல்’ என்னும் அச்சுமுறையை உருவாக்கினார். ஹார்வர்டில் ஒலிநாடா செய்த பணியை அங்கே எழுத்துருக்கள் செய்ய முயல்கின்றன. எவ்விடத்தில் குரல் உயர வேண்டும் என்பதை அவை காட்டுகின்றன. அக்குரல் எந்தத் தீவினுடையது என்பதைக் காட்டுவதில்லை.