விரலிடுக்கில் தெரியும் பேய்

தமிழ்ப் பேய்ப்படங்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இப்போது ஒரு தீர்ப்பு முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. தமிழ் ரசிகனுக்குப் பேய் என்றால் சிரிப்புதானாம். கலப்பில்லாத அச்சம் அவனுக்குச் செரிக்காதாம். வசூலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள் கலிங்கத்துப்பரணியையும் துணைக்கு இழுக்கிறார்கள். இந்தத் தீர்ப்பு பிழையானது. நம் பேய்க் கதைகளின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் சொன்னது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் நம் திரையில் நடந்த பெரிய வீணடிப்புக்கு இதுவே நியாயமாகவும் ஆகிவிட்டதால் மறுத்தே ஆகவேண்டியிருக்கிறது.

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கில் அணங்கை முதலில் வைத்தார். அணங்கு என்ற சொல்லுக்குள் அழகும் வருத்தமும் ஒன்றாகவே குடியிருக்கின்றன. பார்த்தவரை ஈர்த்து, ஈர்த்தவரையே வாட்டுவது அது. திருவாலங்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். பேயுரு வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் பாடிய மண் அது. பக்கத்துப் பழையனூர்தான் நீலியின் ஊர். கட்டியவனே கொன்ற பெண், பழிவாங்க மறுபடி வந்து, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபையில் வழக்குரைத்தாள். அவளை நம்பிப் பிணை நின்ற எழுபது வேளாளர் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தார்கள். இந்தக் கதையைக் கேட்கிற எவரும் நீலிக்கு அஞ்சுவார்கள். அதே மூச்சில் அவள் கேட்டதில் என்ன தப்பு என்றும் நினைப்பார்கள். இந்த இரட்டை மனம்தான் நம் பேய்க் கதைகளின் முதுகெலும்பு. பரணியில் நகை இருப்பது உண்மை. ஆனால் அது பசியால் வற்றிய பேய்கள் போர்க்களத்துப் பிணங்களில் கூழ் சமைக்கும்போது எழுகிற நகை. போரின் கோரத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரிக்க வைக்கிறார் செயங்கொண்டார். அந்தச் சிரிப்பு யாரையும் தப்பவிடுவதில்லை.

திரைக்கு வருவோம். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) மறுபிறவிக் கதை. சாதியும் சொத்தும் கொன்ற காதலின் துயரம் அதில் பாழடைந்த மாளிகைச் சுவர்களில் ஈரம்போலக் கசிந்துகொண்டிருக்கிறது. 'யார் நீ?' (1966), 'அதே கண்கள்' (1967) இரண்டும் மர்மத்தை நம்பின. 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978) பேய் பிடித்தலை வீட்டுக்குள் கொண்டுவந்தது. 'கல்யாணராமன்' (1979) செத்த அண்ணனை நகைச்சுவைக்குள் அழைத்தது. ஆனால் அதிலும் அவன் சாவு நெஞ்சைத் தொட்ட பிறகே சிரிப்பு வந்தது. 'யார்' (1985), 'மை டியர் லிசா' (1987), '13ஆம் நம்பர் வீடு' (1990), 'உருவம்' (1991) என்று அடுத்து வந்தவை நம் தலைமுறையின் தூக்கத்தைக் கெடுத்தன.

'யார்' படத்தைப் பக்கத்து வீட்டில் வாடகை டெக்கில் பார்த்தேன். கண்களைப் பொத்திய விரல்களை நானேதான் விலக்கினேன். அதற்குப் பிறகு பல நாள் இருட்டினால் கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் இன்னொரு முறை போடச் சொல்லி அழுதது நான்தான். வேண்டாம் என்பதும் வேண்டும் என்பதும் ஒரே நெஞ்சில் அடித்துக்கொண்ட அந்த இரவை எந்தக் காதல் படமும் எனக்குத் தந்ததில்லை.

இந்த வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத பெயர் ஒன்று உண்டு: ஏ. வின்சென்ட். 'நெஞ்சம் மறப்பதில்லை'யின் ஒளிப்பதிவாளர். மறு ஆண்டே மலையாளத்தில் எழுத்தாளர் பஷீரின் கதையை 'பார்கவி நிலையம்' (1964) என்று இயக்கினார். அவருடைய முதல் படம் அது. ஆளில்லாத வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன் அங்கிருக்கும் பேயை விரட்டுவதில்லை. அவளோடு பேசுகிறான், அவளுக்கு நேர்ந்ததைக் கேட்டு எழுதுகிறான். பேயின் கதையைக் கேட்க ஒருவன் உட்கார்ந்தால் போதும், அச்சம் கரையாமலே இரக்கம் வந்து சேர்ந்துகொள்ளும் என்பதை வின்சென்ட் காட்டினார். அந்த வழியில் நம்மவர்கள் நடக்க வெகுகாலம் பிடித்தது.

'சந்திரமுகி' (2005) பெருவெற்றி. ஆனால் அதில் ஜோதிகாவின் கண்களைத் தவிர அச்சத்துக்கு இடம் குறைவு. உண்மையான திருப்பம் விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' (2009). மாளிகை இல்லை, சுடுகாடு இல்லை; கடனில் வாங்கிய புது அடுக்குமாடி வீடு. நாயகன் மனோகர் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது. காய்ச்சிய பால் தினமும் திரிந்துபோகும். பூஜையறைச் சுவரில் ஆணி இறங்காது. வீட்டுப் பெண்கள் மதியம் பார்க்கும் தொடரில் அவர்கள் குடும்பத்தின் கதையே ஓடும். பி.சி. ஸ்ரீராமின் கேமரா அந்த வெளிச்சமான வரவேற்பறையை இருட்டறையைவிடப் பயங்கரமாக்கியது. பால் திரிவதைக் காட்டியே ஒரு படம் நம்மைப் பயமுறுத்த முடிந்தது என்றால், அச்சம் தமிழனுக்கு ஒத்துக்கொள்ளாது என்பவர்கள் எந்தத் தமிழனைச் சொல்கிறார்கள்?

பிறகுதான் நகைச்சுவைப் பேய்ப்படங்களின் பெருவெள்ளம். 'காஞ்சனா' (2011) மீது எனக்கு முழுக் கோபம் இல்லை. ஏமாற்றிக் கொல்லப்பட்ட திருநங்கைக்கு நடுக்கதையில் அது கொடுத்த கம்பீரம், சரத்குமாரின் நிமிர்ந்த நடை, இரண்டும் நீலியின் வழியில் வந்தவை. ஆனால் தொடர்ந்து வந்தவர்கள் அந்த நடுக்கதையைச் சூத்திரமாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 'அரண்மனை' 2014இல் தொடங்கி 2024இல் நான்காம் பாகம் வரை வந்துவிட்டது. அச்சு மாறுவதில்லை: முதல் பாதியில் பேயைக் கண்டு ஓடும் நகைச்சுவைக் கூட்டம், இடையில் ஒரு பெண்ணின் கொலை, கடைசியில் சாமியும் பேயும் மோதும் திருவிழா. செத்தவள் பட்ட பாடு பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நம்மை அழவைக்க வேண்டியவளை ஓட்டம் பிடிப்பதற்கான சாக்காக ஆக்கிவிட்டார்கள். புதுமைப்பித்தன் 'காஞ்சனை' சிறுகதையை எழுதிய மொழியில், ஏறத்தாழ அதே பெயரில் இப்படியொரு வரிசை நடப்பது என்னை வருத்துகிறது.

அதே காலத்தில் வேறு வழியில் போனவர்களும் இருந்தார்கள். 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடரைத் தந்த நாகாவின் 'ஆனந்தபுரத்து வீடு' (2010) திரையரங்குகளில் பெரிதாகப் போகவில்லை. கடனில் மூழ்கியவன் மனைவியோடும் வாய் பேசாத மகனோடும் பூர்வீக வீட்டுக்கு வருகிறான். வீட்டிலிருக்கும் ஆவிகள் அவனைப் பெற்றவர்கள்தான். பேரனோடு விளையாடுகிறார்கள், குடும்பத்தைக் காக்கிறார்கள். குலதெய்வத்துக்கும் பேய்க்கும் நம் ஊரில் இருக்கும் தூரம் எவ்வளவு குறைவு என்பதைத் தெரிந்து எடுத்த படம். அஸ்வின் சரவணனின் 'மாயா' (2015) திகில் படம் பார்ப்பதையே கதைக்குள் வைத்தது. கைக்குழந்தையோடு கடனில் தவிக்கும் பெண், பரிசுப் பணத்துக்காக ஆளில்லாத அரங்கில் தனியாக உட்கார்ந்து பேய்ப்படம் பார்க்கிறாள். அவளுக்குப் பேயைவிடக் கடன்காரன் பயம்.

எல்லாவற்றுக்கும் மேலே மிஷ்கினின் 'பிசாசு' (2014). விபத்தில் அடிபட்ட பெண்ணை வயலின் கலைஞன் ஒருவன் மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிறான். அவள் அவன் கையைப் பிடித்தபடியே உயிர் விடுகிறாள். அவள் செருப்பில் ஒன்று அவனிடம் தங்கிவிடுகிறது, அவளும் அவன் வீட்டில் தங்கிவிடுகிறாள். அவன் விரட்டப் பார்க்கிறான். அவளோ அவனைக் காக்கிறாள். அவளைக் கொன்றவனைத் தேடிப் போகிறவன் கடைசியில் வந்து சேரும் இடம் அவனேதான். அவளுக்கு அது முதலிலிருந்தே தெரியும். நீலி கேட்ட பழியை இந்தப் பெண் கேட்கவில்லை, மன்னித்துவிட்டாள். ஆயிரம் ஆண்டுப் பழிக்கதையை ஒரே படம் இப்படித் திருப்பிப்போட்டது.

அதை அரங்கில் பார்த்தபோது எனக்கு முன்வரிசையில் ஒரு நடுவயதுப் பெண் முதல் பாதி முழுக்க துப்பட்டாவை முகத்தில் இழுத்து மூடியிருந்தார். பேயாக நிற்பது தன் மகள் என்று தெரிந்த அப்பாவாக ராதாரவி, அவளிடம் கெஞ்சிக் குழையும் காட்சி வந்தது. பேய் முழுசாகத் திரையில் இருந்தது. அந்த நேரத்தில் முன்வரிசைப் பெண் துப்பட்டாவைக் கீழே இறக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

பேய்ப்படம் பார்க்கும்போது நமக்குள் எழும் குழப்பத்தின் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது. நாம் கண்ணை மூடுவது உருவத்தின் கோரத்துக்காக மட்டும் இல்லை. திரையில் பேயாக நிற்பவள் யாரையோ தேடி வந்திருக்கிறாள். அந்த யாரோ நாமாக இருந்துவிடுவோமோ என்ற பயம். விரல்களை விலக்குவது அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்காமல் இருக்க முடியாததால். இந்த இரண்டில் ஒன்றைப் பிடுங்கிவிட்டாலும் படம் செத்துப்போகிறது. ஓட்டமும் கூச்சலுமான நகைச்சுவை முதலாவதைப் பிடுங்குகிறது. திடீரென்று முகத்தைக் காட்டி அலறவைக்கும் மலிவான வித்தை இரண்டாவதைப் பிடுங்குகிறது.

அடுத்து பேய்ப்படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் செத்தவளின் கதையை முழுசாக எழுதட்டும். அவள் வீட்டில் பால் யார் காய்ச்சினார்கள், அவள் செருப்பு எங்கே கிடக்கிறது, அவளுக்காக இன்னும் அழுதுகொண்டிருப்பவர் யார் என்று எழுதட்டும். அந்தப் பெண்மணி துப்பட்டாவை இறக்கும் நொடிக்காக எடுக்கட்டும்.