பேஸ் ஆய்வும் நீடித்த சோர்வு நோய் ஆராய்ச்சியின் அளவுகோல்களும்

நீடித்த சோர்வு நோய்த்தொகை என்பது பெரும்பாலும் ஒரு தொற்றுக்குப் பிறகு தொடங்கி, ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடிய நோய். மயால்ஜிக் என்செபலோமயலைட்டிஸ் என்ற பெயரையும் சேர்த்து இதனை எம்.இ./சி.எப்.எஸ். என்று மருத்துவ இதழ்கள் சுருக்கி எழுதுகின்றன. உழைப்புக்குப் பிந்தைய நலிவு இதன் தனி அடையாளம். சிறிது நடந்தாலோ, படித்தாலோ சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து நோயாளி படுத்த படுக்கையாகிவிடலாம். நோயை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எனவே நோயாளி சொல்வதை ஆய்வாளர் எப்படி அளக்கிறார் என்பதைப் பொறுத்தே ஆய்வின் முடிவு அமைகிறது. இதற்கு முக்கியமான எடுத்துக்காட்டு பிரித்தானியாவில் நடந்த பேஸ் ஆய்வு.

பின்னணி

1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாளர்கள் உட்பட ஏறத்தாழ 300 பேர் விளக்க முடியாத ஒரு நோய்க்கு ஆளாயினர். 1970இல் மெக்கெவெடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் பழைய மருத்துவக் குறிப்புகளை மட்டும் வைத்து, அது கூட்டு ஹிஸ்டீரியாவாக இருக்கலாம் என்று எழுதினர். நோயாளிகளை அவர்கள் நேரில் பரிசோதிக்கவில்லை. இது உடல்நோயா மனநோயா என்ற பூசல் அதற்குப் பின் ஓயவில்லை. பேஸ் ஆய்வு இந்தப் பூசலுக்கு நடுவில்தான் பிறந்தது.

ஆய்வின் அமைப்பு

பீட்டர் வைட், ட்ரூடி சால்டர், மைக்கேல் ஷார்ப் ஆகியோர் தலைமையில் 641 நோயாளிகள் நான்கு குழுக்களாகச் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர். எல்லோருக்கும் சிறப்பு மருத்துவர் கவனிப்பு கிடைத்தது. அத்துடன் ஒரு குழுவுக்கு அறிதிறன்-நடத்தைச் சிகிச்சையும், இன்னொன்றுக்குப் படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சியும், மூன்றாவதற்குச் சக்திக்கு ஏற்ப இயக்கத்தை அளந்துகொள்ளும் பயிற்சியும் தரப்பட்டன. செலவு ஏறத்தாழ 50 இலட்சம் பவுண்டு. 2011இல் 'தி லான்செட்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் 59 விழுக்காட்டினரும், உடற்பயிற்சிக் குழுவில் 61 விழுக்காட்டினரும் முன்னேறியதாக அவை கூறின. மருத்துவர் கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் இது 45 விழுக்காடு. 2013இல் வந்த மற்றொரு கட்டுரை, முதல் இரு குழுக்களிலும் 22 விழுக்காட்டினர் 'மீண்டுவிட்டனர்' என்றது.

நகர்ந்த எல்லைக்கோடு

இந்த எண்கள் எந்த வரையறையிலிருந்து வந்தன என்பதே விமர்சனத்தின் மையம். உடல் இயக்கத்தை அளக்க எஸ்.எப்.-36 என்ற 0 முதல் 100 வரையிலான வினாத்தாள் மதிப்பெண் பயன்பட்டது. 65 அல்லது அதற்குக் கீழே பெற்றவர்களே ஆய்வில் சேரும் அளவுக்கு நோயுற்றவர்கள். 2007இல் வெளியிட்ட ஆய்வுத் திட்டத்தில், மீண்டவர் என்று கருத 85 தேவை எனக் குறித்திருந்தனர். 2013 கட்டுரையில் அது 60 ஆகிவிட்டது. அதாவது 65 மதிப்பெண்ணுடன் நோயாளியாகச் சேர்ந்தவர் 60க்கு இறங்கினாலும் இந்த ஓர் அளவில் தேறிவிடுவார். மீட்புக்கு வேறு நிபந்தனைகளும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் ஒரே மதிப்பெண் ஒருவரை நோயாளி என்றும் நலமானவர் என்றும் ஒரே நேரத்தில் காட்டுமானால், அந்த அளவுகோல் எதையும் பிரித்துக் காட்டவில்லை.

60 என்ற எண், பொதுமக்கள் சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்தைக் கழித்துப் பெறப்பட்டது. அந்தப் பொதுமக்களில் முதியவர்களும் நாட்பட்ட நோயாளிகளும் அடக்கம். பெரும்பாலோர் 100ஐ ஒட்டியே மதிப்பெண் பெறும் ஒரு பரவலில் இக்கணக்கு இயல்பு நிலையைக் காட்டாது. புள்ளியியல் பயிலும் மாணவர் எவரும் இதை எளிதில் சரிபார்க்கலாம்.

சொல்லும் செயலும்

தான் எந்தச் சிகிச்சை பெறுகிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. மனச்சிகிச்சையிலும் உடற்பயிற்சியிலும் இதை மறைக்க வழியில்லை. ஆனால் முதன்மை அளவுகள் இரண்டும் நோயாளியே நிரப்பும் வினாத்தாள்கள். 'உன்னால் முடியும், அறிகுறிகளைக் கண்டு அஞ்சாதே' என்று ஊக்குவிக்கப்பட்டவர் வினாத்தாளில் சற்றுக் கூடுதலாக மதிப்பிடுவது இயல்பு. ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, பங்கேற்றவர்களுக்கு அனுப்பிய செய்திமடலில் சிகிச்சையைப் பாராட்டும் நோயாளிகளின் கருத்துகள் இடம்பெற்றன.

புறநிலை அளவுகள் அந்த அளவுக்கு மகிழ்ச்சி தரவில்லை. ஆறு நிமிட நடைச் சோதனையில் உடற்பயிற்சிக் குழு ஓராண்டுக்குப் பின் சராசரியாக 379 மீட்டர் நடந்தது. மருத்துவர் கவனிப்பு மட்டும் பெற்ற குழு 348 மீட்டர். உடல்தகுதிச் சோதனையிலும் இழந்த வேலை நாட்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு சிகிச்சைக் குழுக்களின் எஸ்.எப்.-36 சராசரியும் ஓராண்டு முடிவில் 58ஐ ஒட்டியே நின்றது. ஆய்வில் சேரத் தேவையான நோய்நிலையை அவர்கள் சராசரியாகத் தாண்டவில்லை.

யார் நோயாளி?

பங்கேற்றவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு வரையறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆறு மாதத்திற்கு மேல் முதன்மை அறிகுறியாகச் சோர்வு இருந்தால் அதற்குப் போதும்; உழைப்புக்குப் பிந்தைய நலிவு கட்டாயமில்லை. எனவே வேறு காரணங்களால் சோர்ந்தவர்களும் கலந்திருக்கலாம். உடற்பயிற்சி அவர்களுக்கு நன்மை தந்து, உண்மையான எம்.இ. நோயாளிக்குத் தீங்கு செய்தால் சராசரி அதைக் காட்டாது. 2015இல் அமெரிக்கத் தேசிய நலக்கழகங்கள் கூட்டிய குழு இவ்வரையறையைக் கைவிடப் பரிந்துரைத்தது.

தரவுக்கான போராட்டம்

2014இல் ஆஸ்திரேலிய நோயாளி ஒருவர், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பெயர் நீக்கிய தரவை லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்திடம் கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. தகவல் ஆணையர் தரச் சொன்ன பிறகும் மேல்முறையீடு செய்து, 2016இல் தீர்ப்பாயத்தில் தோற்றது. அதற்கு முன் இதழாளர் டேவிட் டுல்லர் 2015இல் எழுதிய தொடர் பிரச்சினையைப் பொதுவெளிக்குக் கொண்டு வந்திருந்தது.

தரவு வெளியானபோது படம் மாறியது. ஆய்வாளர்களே மூலத் திட்டப்படி கணக்கிட்டதில், முன்னேறியோர் 59, 61 விழுக்காட்டிலிருந்து முறையே 20, 21 ஆகச் சுருங்கினர்; மருத்துவர் கவனிப்புக் குழுவில் 10. மூலத் திட்டப்படியான மீட்பைப் பிறர் கணக்கிட்டதில் நடத்தைச் சிகிச்சைக்கு 7, உடற்பயிற்சிக்கு 4, மருத்துவர் கவனிப்புக்கு 3 விழுக்காடு. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம்.

ஆய்வாளர் தரப்பு

மாற்றங்கள் பகுப்பாய்வுக்கு முன்பே செய்யப்பட்டவை என்றும், மூலத் திட்டப்படியும் முன்னேற்றத்தில் தங்கள் சிகிச்சைகளே மேலாக நின்றன என்றும் ஆய்வாளர்கள் வாதிட்டனர். இரண்டாவது கூற்று சரியே. ஆனால் பத்தில் ஒருவருக்குக் கிடைத்த கூடுதல் பயன், 'பத்தில் ஆறு பேர் முன்னேறினர்' என்ற அறிவிப்பிலிருந்து வெகு தொலைவில் நிற்கிறது. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2007இல் பரிந்துரைத்த படிப்படியான உடற்பயிற்சியை 2021இல் விலக்கியது. வைட் உள்ளிட்ட பலர் 2023இல் அந்த முடிவையும் மறுத்து எழுதினர்.

மறுபக்கத்தின் தவறு

உடல்நோய் என்று நம்பும் தரப்பும் இதே பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது. 2009இல் 'சயின்ஸ்' இதழ், 101 நோயாளிகளில் 68 பேரிடம் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ் இருப்பதாக வெளியிட்டது. நோயாளிகள் பெரிதும் நம்பினர், சிலர் எச்.ஐ.வி. மருந்துகளைக்கூட உட்கொண்டனர். பிற ஆய்வகங்களால் அதைக் காண முடியவில்லை. ஆய்வகக் கலப்படமே காரணம் எனத் தெரிந்து, 2011 இறுதியில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. விரும்பிய முடிவு என்பதால் அதற்குச் சலுகை கொடுத்திருந்தால் தவறான மருந்து இன்றும் தொடர்ந்திருக்கும்.

இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டு நிற்பது ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் நடந்த ஆய்வு. சுரப்பிக் காய்ச்சல், க்யூ காய்ச்சல், ராஸ் ரிவர் வைரஸ் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட 253 பேரைத் தொற்றின் தொடக்கத்திலிருந்தே அது பின்தொடர்ந்தது. ஆறு மாதத்தில் 12 விழுக்காட்டினர் முடக்கும் சோர்வுடன் இருந்தனர். இதை முன்னறிவித்தது முதல் நோயின் கடுமையே, உளவியல் காரணிகள் அல்ல என்று 2006இல் அறிவித்தது.

மதிப்பீடு

பேஸ் ஆய்வு சிறிய ஆய்வோ அலட்சியமாக நடந்ததோ அல்ல; பங்கேற்றோரில் மிகச் சிலரே இடையில் விலகினர். அதன் குறை, தேர்வு முடிந்தபின் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்ததும், அந்தக் கணக்கைப் பிறர் சரிபார்க்க மறுத்ததும் ஆகும். அதன் விலையை நோயாளிகள் கொடுத்தனர். பயிற்சியால் நலிந்தவர்கள் போதுமான முயற்சி எடுக்கவில்லை என்ற பழியையும் சுமந்தனர். கோவிடுக்குப் பின் நீடிக்கும் நோய் பற்றி இன்று வெளிவரும் ஆய்வுகளைப் படிப்போருக்கும் அதே கேள்விகள் பொருந்தும். நோயாளி எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்? எல்லைக்கோடு எப்போது வரையப்பட்டது? வினாத்தாள் சொல்வதை நடையும் வேலையும் உறுதிசெய்கின்றனவா? தரவு யாருக்குத் திறந்திருக்கிறது? முடிவு பிடித்தமானதாக இருக்கும்போதுதான் இவற்றை முதலில் கேட்க வேண்டும்.