வேர்ச்சொல்லும் அருளுரையும்

நம் ஆலயங்களில் ஞாயிறுதோறும் ஆற்றப்படும் அருளுரைகளில் ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது. "மூலமொழியில் இச்சொல்லின் வேர் இது, ஆகவே இதன் உண்மைப் பொருள் இதுவே" என்று ஆயர் கூறுவார், சபையார் வியந்து கேட்பர். ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்குக் கிரேக்கமும் இலத்தீனும் ஊற்றாயிருப்பதால், ஆங்கிலச் சொல் ஒன்றையும் அருகே நிறுத்திக் காட்டுவது உண்டு. இம்முறை எத்தகைய அடித்தளத்தின்மேல் நிற்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிறர் குறையை எடுத்துரைக்குமுன் என் குறையை ஒப்புக்கொள்வது முறையாகும்.

1. கடற்கரையில் கற்ற பாடம்

பல ஆண்டுகளுக்கு முன் மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள சிறு மீனவர் சபையொன்றில் 1 கொரிந்தியர் 4:1-ஐ எடுத்துப் பேசினேன். அங்கே 'ஊழியக்காரர்' என்று பெயர்க்கப்பட்டுள்ள சொல் கிரேக்கத்தில் 'ஹுபெரெத்தேஸ்' என்பது. 'ஹுபோ' என்றால் கீழ். 'எரெத்தேஸ்' என்றால் துடுப்பு வலிப்பவன். ஆகவே, கப்பலின் அடித்தட்டில், ஒருவர் கண்ணுக்கும் படாமல், தலைவன் குரலுக்கேற்பத் துடுப்பு வலிக்கும் அடிமையே ஊழியன் என்று உருக்கமாக விளக்கினேன். கடலோர மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இல்லை என்றும் எண்ணிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, எங்க கட்டுமரத்துல அடித்தட்டு ஏதுங்க? துடுப்புப் போடுறவனும் வலை விடுறவனும் ஒரே மரத்துமேலதான் நிக்கிறோம். அது போகட்டும். பவுலடியார் அந்த இடத்துல கப்பலைப் பத்திப் பேசுறாருங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பகுதியை மீண்டும் வாசித்தேன். கப்பல் இல்லை, கடலும் இல்லை. அடுத்த சொல்லே 'உக்கிராணக்காரர்' என்பது. பவுல் காட்டுவது கலத்தை அன்று, வீட்டையும் அதன் பண்டகசாலையையுமே. புதிய ஏற்பாடு எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே ஹுபெரெத்தேஸ் என்னும் சொல் துடுப்பை விட்டு நீங்கி, ஏவலர், உதவியாளர் என்னும் பொதுப்பொருளில் வழங்கிற்று. நம் பழைய தமிழ் வேதாகமம் இதை நன்கு உணர்ந்திருக்கிறது. அதே சொல்லை யோவான் 7:32-இல் 'சேவகர்' என்றும், லூக்கா 4:20-இல் 'பணிவிடைக்காரன்' என்றும், அப்போஸ்தலர் 13:5-இல் 'உதவிக்காரன்' என்றும் இடமறிந்து பெயர்த்துள்ளது. மொழிபெயர்த்தோர் வேரை நோக்காது வழக்கை நோக்கினர். மூன்றாண்டு கிரேக்கம் கற்ற நான் அதைக் காணத் தவறினேன். கட்டுமரத்தில் நின்றவர் கண்டார்.

2. கட்டுமரம் தரும் சான்று

இம்முறையின் குற்றத்தைக் காட்ட அக்கட்டுமரமே போதிய சான்று. மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டி அமைப்பதாலேயே அதற்கு அப்பெயர். இச்சோழமண்டலக் கரையில் ஐரோப்பிய மாலுமிகள் அதைக் கண்டனர். 1697-இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூலில் 'கட்டமரான்' என்று அச்சொல் காணப்படுகிறது. 1876-இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரஷாஃப் இரட்டை உடல்கொண்ட பந்தயப் பாய்க்கலம் ஒன்றைக் கட்டினார். அவ்வகைக் கலத்துக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. இன்று ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்றால் இரட்டை உடற்கலம் என்பதே பெருவழக்கு. அதில் கட்டும் இல்லை. பெரும்பாலும் மரமும் இல்லை. "வேர்ப்பொருளே உண்மைப் பொருள்" என்று வாதிடுவோர், அக்கலத்தில் செல்வோரிடம் "நீங்கள் கட்டிய மரத்துண்டுகளின் மேல் செல்கிறீர்கள்" என்று சொல்லத் துணிவரா? 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையிலும் பைபர் படகுகளே மிகுந்துவிட்டன.

தமிழிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 'எண்ணெய்' என்பது எள்+நெய். ஆயினும் தேங்காய் எண்ணெயில் எள்ளைத் தேடுவார் இல்லை. 'நாற்றம்' ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இன்று அப்பொருளில் அதை ஆள்வோர் நகைப்புக்கு இடமாவர். 'பாதிரி' என்ற சொல் போர்த்துக்கீசியத்தின் வழியாக இலத்தீனின் 'பாத்தெர்' என்பதிலிருந்து வந்தது. தந்தை என்பதே அதன் பொருள். அதைச் சொல்லும் எவரும் தந்தையை நினைப்பதில்லை.

3. இரு பிழைகள்

பரவலாகக் கேட்கப்படும் இரு விளக்கங்களை இங்கே நோக்குவோம்.

ரோமர் 1:16-இல் வரும் 'டுனாமிஸ்' என்ற சொல்லிலிருந்தே 'டைனமைட்' வந்தது. ஆகவே சுவிசேஷம் தேவனுடைய வெடிமருந்து என்பர். ஆல்பிரட் நோபல் அவ்வெடிபொருளுக்கு உரிமம் பெற்றது 1867-இல். அதைப் பவுல் அறிந்திருக்க இயலாது. மேலும், வெடிமருந்து பாறையைத் தகர்ப்பது. பவுலோ இரட்சிப்புக்கான பெலனைக் கூறுகிறார்.

'எக்ளேசியா' என்பது 'எக்', 'கலேயோ' என்னும் இரண்டின் சேர்க்கை. ஆகவே சபை என்றால் உலகிலிருந்து வெளியே அழைக்கப்பட்டோர் என்பது மற்றொன்று. கருத்து அழகியது, ஆயின் சொல் அதற்குச் சாட்சி பகரவில்லை. அப்போஸ்தலர் 19:32-இல் எபேசு நகரத்து அரங்கில் கூச்சலிட்ட கூட்டமும் எக்ளேசியாவே. அவர்கள் எதினின்று அழைக்கப்பட்டனர்? வந்த காரணத்தையே பலர் அறியாதிருந்தனர் என்றல்லவா லூக்கா எழுதுகிறார்!

ஜேம்ஸ் பார் 1961-இல் வெளியிட்ட வேதாகமச் சொற்பொருள் பற்றிய நூலில் இத்தகைய வேர்வழி விளக்கத்தின் பிழையைத் தெளிவாக நிறுவினார். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்நூலின் படிப்பினை நம் பிரசங்க பீடங்களை எட்டவில்லை.

4. வேரின் உரிய இடம்

ஆயின் வேராராய்ச்சி வீண் என்பது என் கருத்தன்று. அது வரலாற்றுக்குப் பெருந்துணை. பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் 1970-ஆம் ஆண்டளவில் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அச்சாடியின் பெயரான 'ஆம்போரா' இருபுறமும் பிடித்துச் சுமப்பது என்னும் பொருளுடைய கிரேக்க வேரினது. சாடி இங்கே வந்ததுபோல் நம் சொற்களும் அங்கே சென்றன. ராபர்ட் கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தில் இத்தகைய சொற்களை ஆராய்ந்தார். இஞ்சிக்கு வழங்கும் 'சிங்கிபெரிஸ்' என்னும் கிரேக்கச் சொல் திராவிட மூலத்தினது என்பது இன்றும் ஏற்கப்படுகிறது. 'அரிசி'யே 'ஒருசா' ஆயிற்று என்ற கருத்தோ ஐயத்துக்குள்ளாகி, ஈரானிய மொழிவழியே அது கிரேக்கத்தை அடைந்தது என்பர் இன்றைய அறிஞர் பலர். 1 இராஜாக்கள் 10:22-இல் மயிலைக் குறிக்கும் 'துக்கி' நம் 'தோகை'யே என்பதும் அவ்வாறே. அது குரங்கு வகையைக் குறிக்கும் என்பாரும் உளர். தமிழ்ப்பற்று நம்மிடம் இருத்தல் நன்று. ஆனால் ஓசை ஒப்புமை ஒன்றே சான்றாகாது.

விளக்கவுரையிலும் வேருக்கு இடமுண்டு. ஆசிரியரே அதைச் சுட்டும் இடம் அது. 'ஒநேசிமு' என்றால் பயனுள்ளவன். பிலேமோனுக்கு எழுதிய நிருபம் 11-ஆம் வசனத்தில், முன்னே பயனற்றிருந்தவன் இப்போது பயனுள்ளவன் என்று கூறுகையில் பவுல் அப்பெயரின் பொருளைக் கருத்தில் கொண்டே எழுதுகிறார். அங்கே வேரைக் காட்டாத ஆயர் கடமை தவறியவராவார்.

5. முடிவாக

இது சொல்லாராய்ச்சியாளர் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு வழக்கு அன்று. "உண்மைப் பொருள் கிரேக்க வேரில் மறைந்திருக்கிறது" என்று நாம் சொல்லும்போதெல்லாம், தமிழ் வேதாகமத்தைக் கையில் ஏந்தி அமர்ந்திருக்கும் விசுவாசி, தன் நூல் குறையுடையது, தன் வாசிப்பு போதாதது என்று கற்றுக்கொள்கிறார். மக்கள் தங்கள் மொழியிலேயே வாசிக்க வேண்டும் என்றுதான் 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அவர் திறந்த கதவை நாம் அகராதியைக் கொண்டு அடைக்கலாமா?

கிரேக்கம் கற்போம், ஊன்றிக் கற்போம். வேரைத் தேடுமுன் அச்சொல் நிற்கும் வாக்கியத்தையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் வாசிப்போம். அம்மீனவர் என்னிடம் கேட்டதும் அதுவே.