உத்திரமேரூர்ச் சுவரும் பெருவரலாற்று நூல்களும்

மனித இனத்தின் தோற்றம் முதல் அதன் வருங்காலம் வரை ஒரே வீச்சில் சொல்லிச் செல்லும் பெருவரலாற்று நூல்கள், யுவால் நோவா ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’ தமிழாக்கம் பெற்ற பின், இங்கும் ஆர்வத்துடன் படிக்கப்படுகின்றன. அவ்வாசிப்பை உரைத்துப் பார்க்க உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் பொருத்தமான கல்.

முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அங்குள்ள கல்வெட்டுகள் குடவோலை முறையை, அதாவது 30 குடும்புகள் எனப்பட்ட ஊர்ப் பிரிவுகளில் தகுதியுடையோரின் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்து, வாரியங்களாகிய நிர்வாகக் குழுக்களுக்கு ஆளமர்த்திய முறையை விவரிக்கின்றன. இதனை உலகின் முதல் மக்களாட்சி என்று மேடைதோறும் முழங்குவோர்க்குப் பெருவரலாற்று வாசிப்பு நல்ல மருந்து. பெருந்திரளான மனிதரை இணைப்பவை பொதுவில் நம்பப்படும் கற்பனைகளே என்ற ஹராரியின் வாதத்தோடு வருபவர், ஓலையில் பெயரேற வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்ற விதியைக் கண்டவுடன், அந்தணர்க்குரிய அச்சதுர்வேதிமங்கலத்தில் உழுதவர் எந்த நம்பிக்கையின் பேரால் வெளியே நிறுத்தப்பட்டனர் என்று கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான்.

ஆயினும் எழுபதாயிரம் ஆண்டுகளை ஒரு நூலுக்குள் அடக்கும் பார்வைக்கு இரண்டு ஆண்டுகள் தூசு. 919இல் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 921இல் 35 முதல் 70 வரை என்று மாறியதையும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டதையும் பொதுநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல் விளக்காது. தீயோர் கெட்டு நல்லோர் தழைக்கவே இவ்வேற்பாடு என்று கல்வெட்டே காரணம் கூறுகிறது. ஆகவே முதல் விதியில் எங்கோ ஓட்டை கண்டுதான் சபையார் திருத்தியிருக்க வேண்டும். நம்பிக்கையால் மட்டுமன்று, அவநம்பிக்கையாலும் ஒரு நிறுவனம் நிலைபெறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

வருங்காலம் பற்றிய பேச்சுக்கும் இச்சுவர் தேவைப்படுகிறது. அயர்லாந்து 2016இல் தொடங்கிய குடிமக்கள் பேரவைக்கு 99 பேரைக் குலுக்கல் அடிப்படையில் தெரிந்தெடுத்ததைப் புதுமையாகக் கருதுவோர், குலுக்கலின் நேர்மை குடத்தில் எவர் பெயர் இடப்படுகிறது என்பதில் அடங்கியிருப்பதை இங்கே காணலாம்.

ஹராரியைப் படித்து முடித்தவர்கள், இக்கல்வெட்டுகளை வரி வரியாக ஆராயும் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 1932ஆம் ஆண்டு நூலையும் ஒருமுறை புரட்டிவிட்டு உத்திரமேரூருக்குப் பேருந்து ஏறட்டும்.